தொகையை எழுத்தாலும் காட்டுங்கள்: ஆன்லைன் கேம் உருவாக்கும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஆன்லைன் கேம்களில் சந்தைத் திரை, ஏலத் திரை, வீரர்கள் தங்களுக்குள் பொருள் மாற்றிக்கொள்ளும் திரை ஆகியவற்றை வடிவமைக்கும் குழுக்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். அந்தத் திரைகள் எல்லாவற்றிலும் தொகை தட்டுவதற்கென்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் ஒரு சைபர் கூடினாலோ குறைந்தாலோ மாதக்கணக்கில் சேர்த்தது ஒரு நொடியில் போய்விடும். அந்தப் பெட்டியை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நம்மூரில் ஆன்லைன் கேம் என்றதும் பணம் கட்டி ஆடும் ரம்மிதான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் பேசுவது அதைப் பற்றி அல்ல. ரூன்ஸ்கேப், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஈவ் ஆன்லைன் மாதிரி, ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் கூடி ஆடும் கேம்களைப் பற்றி. அங்கே தாது வெட்டுவதும் வாள் அடிப்பதும் அதை விற்பதும் வாங்குவதும் வீரர்களே. விலை வைப்பதும் அவர்களே. "கேம் காசுதானே, போனால் போகட்டும்" என்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈவ் ஆன்லைனில் 2008 முதல் பிளெக்ஸ் இருக்கிறது. வார்கிராஃப்டில் 2015 முதல் டோக்கன் இருக்கிறது. ஒருவர் நிஜப் பணத்துக்கு அதை வாங்கி, கேம் காசுக்கு இன்னொருவரிடம் விற்கலாம். அதை வாங்கியவர் தன் மாதச் சந்தாவை அதை வைத்தே ஓட்டிக்கொள்ளலாம். கைக்காசு இல்லாத மாணவர்கள் நேரத்தைப் போட்டு ஆடிச் சந்தா கட்டுவது இப்படித்தான். அதனால் கேமுக்குள் இருக்கும் தங்கத்துக்கும் வெளியே ஒரு ரூபாய் மதிப்பு இருக்கத்தான் செய்கிறது.

நான் ஈரோட்டில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். வேலை முடிந்தபின் ஒரு கில்டின், அதாவது கேமில் சேர்ந்து ஆடும் வீரர் குழுவின், பொருளாளர். பகலில் மஞ்சள் வியாபாரிகளின் காசோலை, இரவில் கில்டு பெட்டகத்தின் வரவு செலவு என்று இரண்டு பக்கமும் பெரிய எண்களோடுதான் பொழுது போகிறது. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை.

எங்கள் கில்டில் ஒரு கல்லூரி மாணவன் இருக்கிறான். எங்கள் எல்லாருக்கும் தம்பி மாதிரி. எந்த கேம் என்று பெயர் சொல்லப் போவதில்லை. கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து 200 அரிய தாதுக்களைச் சேர்த்திருந்தான். அன்றைய சந்தையில் ஒன்று 9,000 காசு. மொத்தமாக 18 லட்சம் வர வேண்டும். விற்கப் போனான். பெட்டியின் மேல் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் "விலை" என்று மட்டும் இருந்தது. வாங்கும் திரையில் அதே சொல்லுக்கு ஒன்றின் விலை என்று பொருள். விற்கும் திரையிலோ அது மொத்த விலை. அவன் 9000 என்று தட்டினான். "உறுதியாக விற்கலாமா?" என்று ஒரு கேள்வி வந்தது. அந்தக் கேள்வியில் எண்ணே இல்லை. ஆம் என்று அழுத்தினான். 200 தாதுவும் 9,000 காசுக்குச் சந்தைக்குப் போயின. அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் யாரோ ஓடவிட்டிருந்த பாட், அதாவது ஆள் இல்லாமல் தானாக ஆடும் நிரல், வாங்கிவிட்டது. 17,91,000 காசு நட்டம். உதவிக் குழுவுக்கு எழுதினோம். பரிவர்த்தனை முறைப்படி நடந்திருக்கிறது, எதுவும் செய்வதற்கில்லை என்று பதில் வந்தது. அவன் அதற்கப்புறம் பல வாரம் கேம் பக்கமே வரவில்லை.

"கவனமாக இருந்திருக்கலாமே" என்று அவனிடம் சொன்னவர்கள் உண்டு. நான் சொல்லவில்லை. அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவன் என்ன செய்யப் போகிறான் என்பதை அது ஒரு இடத்தில்கூட அவனுக்குச் சொல்லவில்லை. "200 தாது, மொத்தம் 9,000. ஒன்றுக்கு 45. நேற்றைய சராசரி ஒன்றுக்கு 9,100" என்று ஒரே ஒரு வரி காட்டியிருந்தால் போதும், எவ்வளவு தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் கை நின்றிருக்கும். அந்த எண்கள் எல்லாமே கேமின் சர்வரில் அப்போதே இருந்தவைதான்.

இந்த மாதிரித் தவறு விளையாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வதில்லை. 2005 டிசம்பர் 8 அன்று டோக்கியோ பங்குச் சந்தையில் ஜே-காம் என்ற நிறுவனத்தின் பங்கு முதல் முறையாக விற்பனைக்கு வந்தது. மிசுஹோ செக்யூரிட்டீஸ் என்ற தரகு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் 1 பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டும். அவர் போட்டதோ 6,10,000 பங்குகளை ஒவ்வொன்றும் 1 யென்னுக்கு. விலைப் பெட்டிக்குப் போக வேண்டியது அளவுப் பெட்டிக்குப் போய்விட்டது. எங்கள் தம்பிக்கு நடந்ததன் உடன்பிறப்பு. திரை எச்சரித்தது, அதை அவர் தாண்டிப் போனார். ரத்து செய்யப் பார்த்தபோது பங்குச் சந்தையின் மென்பொருளில் இருந்த ஒரு பிழையால் ரத்தும் ஆகவில்லை. நட்டம் ஏறக்குறைய 4,000 கோடி யென்.

இன்னொன்று அண்மையில் நடந்தது. 2022 மே 2, லண்டன், சிட்டிகுரூப் வங்கி. 5 கோடியே 80 லட்சம் டாலர் மதிப்புள்ள பங்குத் தொகுப்பை விற்க நினைத்த ஒருவர், அந்த எண்ணை மதிப்புக்கான பெட்டியில் போடாமல் அளவுக்கான பெட்டியில் போட்டுவிட்டார். உருவானது 44,400 கோடி டாலர் தொகுப்பு. பெரும்பகுதியை உள்ளே இருந்த தடுப்புகள் நிறுத்தின. அப்படியும் 140 கோடி டாலர் பங்குகள் ஐரோப்பியச் சந்தைகளில் விற்றுப் போயின. 2024-இல் பிரிட்டனின் கட்டுப்பாட்டு அமைப்புகள் போட்ட அபராதம் 6 கோடியே 16 லட்சம் பவுண்டு. நீங்கள் கவனிக்க வேண்டியது அபராதத்தை அல்ல, எச்சரிக்கையை. அவர் முன்னால் வந்த பெட்டியில் 711 எச்சரிக்கை வரிகள் இருந்தன. உருட்டாமல் பார்த்தால் கண்ணில் படுவது முதல் 18 வரிதான். அவர் மொத்தமாகத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொகையில் தவறு நடக்கிறது என்று வீரர்கள் புகார் செய்தால், உங்கள் குழுக்கள் முதலில் செய்வது இன்னொரு "உறுதியா?" பெட்டியைச் சேர்ப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு வீரர் ஒரு மாலைக்குள் நாற்பது ஐம்பது பொருள்களை விற்கிறார். ஒவ்வொன்றுக்கும் அதே பெட்டி, அதே இடத்தில், அதே எண்டர் பட்டனோடு வந்தால் நாலாவது தடவையிலிருந்து அது கண்ணில் படாது. விரல் தானாகப் போகும். தவறான தொகை வரும் அந்த ஒரு தடவையும் விரல் அதே வேகத்தில்தான் போகும். எச்சரிக்கை அரிதாக வர வேண்டும். வரும்போது வேறு மாதிரி இருக்க வேண்டும். கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, நடக்கப் போவதைச் சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதற்கு எங்கள் வங்கி மேசையிலேயே வழி இருக்கிறது. காசோலையில் தொகையை எண்ணால் எழுதுவதோடு நிற்பதில்லை. எழுத்தாலும் எழுத வேண்டும். இரண்டும் மாறுபட்டால் எழுத்தால் எழுதியதே செல்லும் என்று 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 18-ஆம் பிரிவில் சொல்கிறது. நடைமுறையில் நாங்கள் அந்தக் காசோலையைத் திருப்பி அனுப்பிவிடுவோம், அது வேறு விஷயம். சட்டம் எழுதியவர்கள் எண்ணைவிட எழுத்தை நம்பியதற்குக் காரணம் எளிது. 1000000 என்பதற்கும் 10000000 என்பதற்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. "பத்து லட்சம்" என்பதையும் "ஒரு கோடி" என்பதையும் யாரும் மாற்றிப் படிக்க மாட்டார்கள்.

மருந்துத் துறையிலும் இதே பாடத்தை உயிர்களைக் கொடுத்துக் கற்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் மருந்துத் தவறுகளைத் தடுப்பதற்காக இயங்கும் ஐ.எஸ்.எம்.பி. அமைப்பு, இப்படி எழுதாதீர்கள் என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறது. கமா இல்லாமல் எழுதிய பெரிய எண்கள் அதில் உண்டு. 100000 யூனிட் என்று எழுதியதைப் பத்தாயிரம் என்றோ பத்து லட்சம் என்றோ படித்துவிடுகிறார்கள். ஆகவே கமா போடுங்கள், இல்லாவிட்டால் சொல்லால் எழுதுங்கள் என்பது அவர்கள் அறிவுரை. செவிலியரும் மருந்தாளுநரும் பகல் வெளிச்சத்தில் தடுமாறும் இடத்தில், இரவு ஒரு மணிக்குக் கைபேசியைப் பிடித்திருக்கும் பத்தொன்பது வயதுப் பையன் தடுமாறக் கூடாது என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

எனவே என் முதல் வேண்டுகோள் இதுதான். வீரர் தட்டத் தட்டவே கமா விழ வேண்டும். பெட்டிக்கு நேர் கீழே அந்தத் தொகை எழுத்தால் வர வேண்டும். 12500000 என்று தட்டினால் கீழே "ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம்" என்று வரட்டும். தொகை சிறியது என்றால் வேண்டாம். லட்சத்தைத் தாண்டும்போது வந்தால் போதும்.

இந்த இடத்தில் எங்கள் பகுதி வீரர்களுக்கென்று தனியாக ஒரு சங்கடம் இருக்கிறது. நாங்கள் படித்தது, சம்பளம் வாங்குவது, மளிகைக் கடையில் பேசுவது எல்லாம் லட்சம், கோடிக் கணக்கில். கமா முதலில் மூன்று இலக்கத்துக்கு, அப்புறம் இரண்டிரண்டாக விழும்: 1,25,00,000. கேமில் அதே தொகை 12,500,000 என்று வருகிறது. என் கண்ணுக்கு முதல் எண் பார்த்தவுடனே ஒன்றேகால் கோடி. இரண்டாவதை நான் இலக்கம் இலக்கமாக எண்ண வேண்டியிருக்கிறது. மனத்துக்குள் மில்லியனைப் பத்து லட்சமாக்கி, பத்து மில்லியனைக் கோடியாக்கி, பில்லியனை நூறு கோடியாக்கி மாற்றிக்கொண்டே வியாபாரம் செய்கிறோம். அந்த மாற்றத்தில் எப்போதும் பத்து மடங்குத் தவறுக்கு இடம் இருக்கிறது. "25 மில்லியன் தருகிறேன்" என்று ஒருவர் அரட்டையில் சொன்னால், இரண்டரைக் கோடியா, இருபத்தைந்து லட்சமா என்று எங்கள் கில்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்காத வாரம் இல்லை.

இதைச் சரிசெய்ய நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எந்த ஊரில் கமா எங்கே விழும் என்ற தகவலை யூனிகோடு அமைப்பு சி.எல்.டி.ஆர். என்ற பெயரில் இலவசமாகவே வைத்திருக்கிறது. உலாவிகளிலும் கைபேசி இயங்குதளங்களிலும் அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: மொழியை வைத்து முடிவு கட்டாதீர்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் தமிழர்களுக்கு மில்லியன் கணக்குத்தான் பழக்கம். இலங்கை நண்பர்கள் லட்சமும் சொல்வார்கள், மில்லியனும் சொல்வார்கள். கேமை ஆங்கிலத்தில் ஆடும் கோயம்புத்தூர்க்காரருக்கு லட்சம் வேண்டியிருக்கும். ஆகவே இது மொழியோடு ஒட்டாத தனி அமைப்பாக இருக்கட்டும், வீரரே தேர்ந்துகொள்ளட்டும். ஜெர்மானியர்களைப் பாருங்கள். அவர்களுக்கு ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி, பின்னத்தைப் பிரிப்பது கமா. அவர் 1.500 என்று தட்டினால் ஆயிரத்து ஐந்நூறு என்று நினைத்துத் தட்டுகிறார். உங்கள் பெட்டி அதை ஒன்றரை என்று எடுத்துக்கொண்டால் ஆயிரம் மடங்கு வித்தியாசம். எழுத்தால் ஒரு வரி கீழே இருந்தால் எந்த ஊர்க்காரரும் அங்கேயே பிடித்துவிடுவார்.

தமிழில் எழுத்தால் காட்ட நேரும்போது ஒரு சின்ன வேலை இருக்கிறது. இலக்கத்துக்கு ஒரு சொல் என்று வைத்து ஒட்டினால் தமிழாகாது. "ஒரு கோடி ஐந்து லட்சம் நாற்பது ஆயிரம் மூன்று நூறு" என்று ஒட்டுப்போட்ட மாதிரி வரும். "ஒரு கோடியே ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்து முந்நூறு" என்று வர வேண்டும். விதிகள் குறைவுதான், ஒரு நாள் உட்கார்ந்தால் எழுதிவிடலாம்.

நன்றாகச் செய்திருப்பவர்களையும் சொல்ல வேண்டும். ரூன்ஸ்கேப்பில் காசுக் குவியலின் மேல் தெரியும் எண், தொகையைப் பொறுத்து நிறம் மாறும். லட்சத்துக்குக் கீழே மஞ்சள், லட்சத்திலிருந்து வெள்ளை, ஒரு கோடியைத் தொட்டால் பச்சை. எல்லைகள் சரியாக நம்முடைய லட்சத்திலும் கோடியிலும் விழுவது தற்செயல்தான் என்றாலும், அதைக் கவனித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பத்துக் கோடி தருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு லட்சத்தை வைத்தால் பச்சைக்குப் பதில் வெள்ளை தெரியும். கண் உடனே பிடிக்கும். அதோடு, வீரருக்கு வீரர் கொடுக்கல் வாங்கலில் அங்கே இரண்டாவது திரை ஒன்று உண்டு. இரண்டு பேரும் கொடுப்பதை எழுத்துப் பட்டியலாக மறுபடி காட்டும். நிறத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது. நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் நிறையப் பேர் ஆடுகிறார்கள்.

அதே கேமில் கே, எம், பி என்று ஒரே எழுத்தில் ஆயிரம், மில்லியன், பில்லியன் தட்டலாம். சைபர்களை எண்ண வேண்டியதில்லை என்பதால் நல்ல வசதி. ஆனால் விசைப்பலகையைப் பாருங்கள்: பி-க்கும் எம்-முக்கும் நடுவில் என் மட்டும்தான். எம்-முக்குச் சற்று மேலே சாய்வாகக் கே. விரல் ஒரு விசை தள்ளி விழுந்தால் தொகை ஆயிரம் மடங்கு ஏறும், அல்லது இறங்கும். எனவே சுருக்கெழுத்தை வைத்திருங்கள். அது விரிந்து முழு எண்ணாகவும் எழுத்தாகவும் மாறிய பிறகுதான் அடுத்த பட்டன் உயிர் பெற வேண்டும். எங்களுக்கு லட்சத்துக்கும் கோடிக்கும் சுருக்கம் கொடுத்தால் இன்னும் நல்லது.

வார்கிராஃப்டில் ஒரு தங்கம் என்பது 100 வெள்ளி, ஒரு வெள்ளி 100 செம்பு. மூன்றுக்கும் தனித்தனிப் பெட்டி இருந்தால் 50 தங்கம் என்று நினைத்து வெள்ளிப் பெட்டியில் 50 போடுவது எவ்வளவு சுலபம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அவர்கள் 2020 ஜனவரியில் வந்த 8.3 பதிப்பில் ஏலக்கூடத்தையே திருத்தி அமைத்தார்கள். மூலப்பொருள்களுக்கு ஒன்றின் விலை என்ற ஒரே கணக்கு வந்தது. மொத்தமா, தனியா என்ற குழப்பம் பெருமளவு அதோடு போயிற்று. எங்கள் தம்பி ஆடிய கேமில் அது இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை குறைந்திருக்கும்.

இப்போது ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்கிறேன். பல கேம்களில் கையிருப்பைவிட அதிகமாகத் தட்டினால், "இவ்வளவு இல்லை" என்று சொல்லாமல் இருப்பது முழுவதையும் எடுத்து வைத்துவிடுகிறார்கள். வசதிக்காகச் செய்ததுதான், புரிகிறது. ஆனால் 5 லட்சம் கொடுக்க நினைத்து ஒரு சைபர் கூடிவிட்டால், பையில் 40 லட்சம் வைத்திருப்பவரின் 40 லட்சமும் மேசைக்கு வந்துவிடும். இல்லாத தொகையைத் தட்டியதே தவறுக்கு முதல் அடையாளம். அந்த அடையாளத்தை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். முழுவதும் வேண்டும் என்றால் அதற்குத் தனிப் பட்டன் வையுங்கள். ஒட்டும்போதும் இப்படித்தான்: 1,25,000 என்று கமாவோடு நகலெடுத்து ஒட்டினால் சில பெட்டிகள் முதல் கமாவிலேயே நின்று 1 என்று எடுத்துக்கொள்கின்றன. சில பெட்டிகள் இத்தனை இலக்கம்தான் என்று எல்லை வைத்துக் கடைசி இலக்கத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடுகின்றன. ஏற்க முடியாததை மறுத்துவிடுங்கள். வெட்டிச் சுருக்கி ஏற்காதீர்கள்.

கைபேசி பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு மேல் கைபேசியில்தான் ஆடுகிறார்கள், அதுவும் இரண்டு மூன்று வருடம் பழசான கைபேசியில். விசைப்பலகை மேலெழும்பும்போது திரையின் கீழ்ப்பாதி மறைந்துவிடும். மொத்தத் தொகையையும், விற்பனையில் கேம் பிடித்துக்கொள்ளும் வரியையும் காட்டும் இடம் சரியாக அங்கேதான் இருக்கும். பேருந்தில் போகும்போது சிக்னல் தடுமாறும். அழுத்தியது பதியவில்லையோ என்று மறுபடி சைபரை அழுத்துவார். இரண்டும் சேர்ந்து பதியும். உறுதிப் பட்டனும் முந்தைய திரையின் "அடுத்து" பட்டன் இருந்த அதே இடத்தில் வரும், இரட்டை அழுத்தலில் இரண்டையும் தாண்டிவிடும். புதிய திரை வந்ததும் அரை நொடிக்குப் பட்டன் அழுந்தாமல் இருக்கட்டும், வேறு இடத்தில் இருக்கட்டும். தொகை விசைப்பலகைக்கு மேலே இருக்கட்டும். இவை பெரிய வேலைகள் இல்லை.

அடுத்தது, சந்தை விலையோடு ஒப்பிடுவது. கடைசி சில நாள் விலை உங்களிடம் இருக்கிறது. தட்டிய தொகை அதைவிடப் பல மடங்கு விலகினால் மட்டும் நிறுத்துங்கள். "இது வழக்கமான விலையில் இருநூறில் ஒரு பங்கு" என்று சொல்லுங்கள். தாண்டிப் போக விரும்பினால் எண்டர் போதாது. தொகையை மறுபடி தட்டச் சொல்லுங்கள். தெரிந்தே குறைத்து விற்பவருக்கு ஐந்து நொடி தாமதம். தெரியாமல் விற்பவருக்குக் கோடை விடுமுறையின் உழைப்பு மிஞ்சும். பிளாக் டெசர்ட் என்ற கேம் மாதிரி, விலைக்கு மேலும் கீழும் கேமே எல்லை போட்டுவிடுவது இன்னொரு வழி. தவறு நடக்காதுதான், ஆனால் விலை வைக்கும் சுதந்திரமும் போய்விடும். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சந்தையை ரசித்து ஆடுபவர்களுக்கு அந்தச் சுதந்திரம்தான் ஆட்டமே.

இந்த இடத்தில் பழைய வீரர்களிடமிருந்து எதிர்ப்பு வரும் என்று தெரியும். ஒருவர் தவறாகப் போட்டதை இன்னொருவர் சட்டென்று பிடிப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதி, அதைக் கெடுக்காதீர்கள் என்பார்கள். ஈவ் ஆன்லைனில் ஏமாற்று வியாபாரமே விதிப்படி பெரும்பாலும் தடை இல்லை. அதன் பெரிய வணிக மையமான ஜிட்டாவில் ஒரே மாதிரியான ஒப்பந்தங்களுக்கு நடுவில் ஒரு சைபரைக் கூட்டி வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. அந்த கேமின் இயல்பு அது என்று ஏற்றுக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். அதை மதிக்கிறேன். விலை ஏறும் என்று கணித்து வாங்கி அது இறங்கினால், அந்த நட்டம் வீரருடையது. எந்தக் கேமும் அதைத் திருப்பித் தர வேண்டாம். எதிராளியின் பேச்சை நம்பி ஏமாந்தால்கூட அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஆனால் விரல் தவறி விழுந்த சைபரில் யாருக்கு என்ன திறமை இருக்கிறது? அதைப் பிடிப்பதும் பெரும்பாலும் மனிதர் இல்லை. தூங்காமல் ஓடிக்கொண்டிருக்கும் பாட். நீங்கள் ஒரு பக்கம் பாட்களைத் தடை செய்துகொண்டே இன்னொரு பக்கம் இந்தத் திரைகளால் அவற்றுக்குத் தீனி போடுகிறீர்கள்.

ஆகவே விலகிய விலையில் வரும் பெரிய பட்டியல்களை ஒரு நிமிடம் பிடித்து வையுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் விற்பவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கட்டும். வழக்கமான விலையில் வருபவற்றுக்கு இது வேண்டாம். சந்தையின் வேகம் குறையாது. தவறு தெரிவது பெரும்பாலும் அழுத்திய அடுத்த இரண்டு மூன்று நொடியில்தான். டோக்கியோவிலும் ரத்து செய்யும் வழி ஒழுங்காக வேலை செய்திருந்தால் சேதம் வேறு அளவில் நின்றிருக்கும்.

உங்கள் பக்கமும் பெரிய எண்களில் தடுமாறியிருக்கிறது என்பதை நினைவூட்டுகிறேன், குத்திக் காட்டுவதற்காக அல்ல. 2013 மே மாதம் டயாப்லோ 3 என்ற கேமில் ஒரு புதுப்பிப்பு வந்தபின், ஏலக்கூடத்தில் 2,14,74,83,647-க்கு மேல் தங்கம் போட்டால் கணக்கு உடைந்து, இல்லாத தங்கம் பெருகியது. ஏலக்கூடத்தையே மூடிவைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. கழித்தல் எண்ணுக்கும் இடம் விட்ட 32 பிட் இடத்தில் அதைவிடப் பெரிய எண் கொள்ளாது என்பது நிரல் எழுதும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் தவறியது. தேர்ந்த பொறியாளர்களுக்கே அப்படி என்றால், சந்தையில் முதல் தடவை பொருள் விற்கும் வீரருக்குத் திரை இன்னும் கொஞ்சம் கை கொடுக்கலாம்.

கடைசியாக, உதவிக் குழுவின் பதிலைப் பற்றி. எல்லாப் பரிவர்த்தனையும் உங்கள் பதிவில் இருக்கிறது. விற்றவர் உடனே புகார் செய்திருக்கிறார், பொருள் வாங்கியவர் கையிலேயே அசையாமல் இருக்கிறது, விலை இருநூறில் ஒரு பங்கு. இந்த மூன்றும் பொருந்தினால் மீட்டுக் கொடுக்க ஒரு விதி எழுதுங்கள். ஒரு கணக்குக்கு வருடத்துக்கு ஒரு தடவை என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள், யாரும் அதைத் தவறாகப் பயன்படுத்த முடியாது. எழுதிய விதி இருந்தால் உதவிக் குழுவில் இருப்பவருக்கும் நிம்மதி. இப்போது அவர்கள் அச்சடித்த பதிலை அனுப்பிவிட்டுத் திட்டு வாங்குகிறார்கள்.

இவ்வளவையும் ஒரே புதுப்பிப்பில் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால், தொகைக்குக் கீழே எழுத்தால் வரும் அந்த வரியை முதலில் செய்யுங்கள். தமிழுக்கான எண் சொற்களையும் சேர்ப்பு விதிகளையும் எழுதித் தர எங்கள் கில்டில் ஆட்கள் இருக்கிறோம். சோதனைப் பதிப்பு கொடுத்தால் பழைய கைபேசிகளில், பேருந்துச் சிக்னலில், லட்சக் கணக்கிலும் மில்லியன் கணக்கிலும் தட்டிப் பார்த்து எங்கே உடைகிறது என்று எழுதி அனுப்புகிறோம். காசு எதுவும் வேண்டாம். எந்தக் குழுவிடம் அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு கில்டின் பொருளாளர்